புள்ளிக்கு மருந்து கேட்பதற்கு முன்

மணி பிளான்ட்டிலோ ஆந்தூரியத்திலோ ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தால், அந்த ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்குப் போகிறோம். கடைக்காரரும் ஏதோ ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார். இப்படிக் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் குருட்டாம்போக்குதான். வெயில், உப்பு, அழுகிய வேர், பேன், பூஞ்சை, பாக்டீரியா என எது தாக்கினாலும் செத்த இலை பழுப்பாகத்தான் மாறும். அதனால் நிறத்தை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. புள்ளி இலையின் எந்த இடத்தில் தொடங்கியது, எந்த இலைகளில் வந்தது, வேர் எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் துப்பு கிடைக்கும். அப்படிப் பார்க்கவிடாமல் நம்மைத் தடுக்கும் சில நம்பிக்கைகள் இவை.

“புள்ளி விழுந்தாலே பூஞ்சைதான்”

வீட்டுக்குள் இருக்கும் செடிகளுக்குப் பூஞ்சை நோய் வருவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, இலை பல மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். மின்விசிறி ஓடும் கூடத்தில் அது நடப்பது அரிது. ஐப்பசி அடைமழையில், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் பால்கனித் தொட்டிகளில் தாராளமாக நடக்கும்.

கூடத்துச் செடியில் புள்ளி என்றால் முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள். நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த பீஸ் லில்லியை மேற்குப் பார்த்த பால்கனியில் வைத்தால், சில நாளிலேயே வெளிறிய, மொடமொடப்பான திட்டுகள் தோன்றும். மேலே இன்னோர் இலை மறைத்திருந்த இடம் மட்டும் பச்சையாகவே இருக்கும். அந்த நிழலின் வடிவம் இலையில் அப்படியே பதிந்திருப்பதைப் பார்க்கலாம். எந்தப் பூஞ்சையும் நிழலை விட்டு ஒதுங்கி வளராது.

டிரசீனாவிலும் ஸ்பைடர் பிளான்ட்டிலும் நுனி மட்டும் கருகினால் தண்ணீரைப் பாருங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். இந்த இரண்டு செடிகளுக்கும் ஃபுளோரைடும் ஒத்துக்கொள்ளாது. சூப்பர் பாஸ்பேட் உரத்தில் அது இருக்கிறது என்பதால், சத்துக்காகப் போடும் உரமே நுனியைக் கருக்கிவிடும்.

உண்மையான பூஞ்சைப் புள்ளி பெரும்பாலும் வளையம் வளையமாக விரியும். சுற்றிலும் மஞ்சள் விளிம்பு கட்டும். உலர்ந்த நடுப்பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஊசிமுனை அளவுக் கறுப்புப் பொட்டுகள் பல சமயம் தெரியும். வித்துகள் உருவாகும் இடம் அது. இதைக் கண்ட பிறகு பூஞ்சைக்கொல்லியைப் பற்றி யோசித்தால் போதும்.

“மத்தியானம் தண்ணி தெளிச்சா, துளியே லென்ஸ் மாதிரி இலையைச் சுட்டுடும்”

பள்ளிக்கூடத்திலேயே கேட்ட விஷயம் என்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் குழுவினர் இதைச் சோதித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழுவழுப்பான மேப்பிள் இலையில் கண்ணாடிக் குண்டுகளை வைத்தபோது வெயிலில் இலை கருகியது. தண்ணீர்த் துளி கருக்கவில்லை. துளி இலையோடு ஒட்டித் தட்டையாகப் படிந்துவிடுவதால், ஒளி குவியும் இடம் இலைக்கும் கீழே போய்விடுகிறது. மயிர் அடர்ந்த இலையில்தான் துளி உருண்டையாக மேலே தாங்கி நின்று சுடக்கூடும். மிதக்கும் பெரணி ஒன்றில் அதைக் கண்டார்கள். நம் மணி பிளான்ட், ரப்பர் செடி, ஆந்தூரியம் எல்லாம் வழுவழுப்பு இலைக்காரர்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது, இரவு முழுக்க இலையில் ஈரம் தங்கும்படி மாலையில் தெளிப்பதைப் பற்றித்தான்.

“இலை காயுதுன்னா தண்ணி பத்தல”

அடி இலைகள் மஞ்சளாகிப் பழுத்து, நடுவே பழுப்புத் திட்டு விழும்போது நேர்மாறாகவும் இருக்கலாம். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் செடி துவண்டிருந்தால், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அந்த நிலையில் இலைமேல் எதைத் தெளித்தும் பயனில்லை. அழுகியதை வெட்டிவிட்டு, தண்ணீர் வடியும் புது மண்ணுக்கு மாற்ற வேண்டும்.

“வேப்பெண்ணெய் எல்லாத்துக்கும் கேட்கும்”

மாவுப்பூச்சிக்கும் செம்பேனுக்கும் கேட்கும். செம்பேன் தாக்கிய இலையில் பெரிய புள்ளி இருக்காது. பொடிப்பொடியான மஞ்சள் பொட்டுகள் இலை முழுக்க இறைந்திருக்கும். வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில துகள்கள் நகர்ந்தால் பேன்தான். ஆனால் வெயிலுக்கும் உப்புக்கும் அழுகிய வேருக்கும் வேப்பெண்ணெய் என்ன செய்யும்? நல்ல வெயில் நேரத்தில் தெளித்தால் எண்ணெயே இலையைக் கருக்கி, இருக்கும் புள்ளியோடு புதுப் புள்ளியையும் சேர்த்துவிடும்.

“மருந்து அடிச்சும் புள்ளி மறையல”

மறையவே மறையாது. செத்த திசு மீண்டும் பச்சையாகாது. குணமாகிறதா என்பதை அடுத்து விரியும் தளிரில் பாருங்கள்.

மருந்தே தேவைப்படாத புள்ளிகளும் உண்டு. பெரணி இலையின் அடியில் வரிசை பிசகாமல் பழுப்புப் பொட்டுகள் இருந்தால் எதுவுமே செய்ய வேண்டாம். அவை அதன் வித்துப்பைகள். அதை நோய் என்று சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல செடியை வதைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

“ஒரு இலைதானே, பார்த்துக்கலாம்”

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொறுமை போதும். இனிச் சொல்லும் நோய்க்கு மட்டும் போதாது. ஆந்தூரியத்தின் இலை ஓரத்தில், நீர் கோத்ததுபோன்ற புள்ளி தெரிந்தால் இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். புள்ளி கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விட்டால், சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். விடிகாலையில் இலை ஓரத்தில் நீர் கசியும் நுண்துளைகள் வழியாக அது உள்ளே போகிறது. ஓரத்திலேயே நோய் தொடங்குவது அதனால்தான். 1980களில் ஹவாய்த் தீவுகளின் ஆந்தூரியப் பண்ணைகளைச் சீரழித்தது இதுதான்.

பூஞ்சைக்கொல்லிப் பொடி இதை ஒழிக்காது. ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பொடியை வாங்கித் தெளிக்கச் சொல்பவர்களும் உண்டு. மனிதர்களின் காசநோய்க்குத் தரும் மருந்து அது. பால்கனிச் செடிக்காக அதைக் காற்றில் தெளிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நோய் ஓரிரு இலையோடு இருந்தால் அவற்றைக் காம்போடு வெட்டிவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, செடியைத் தனியே வைத்து, வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். குருத்தும் தண்டும் மஞ்சளாகிவிட்டால் மண்ணோடு சேர்த்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். டிஃபன்பேக்கியா, சிங்கோனியம், அக்லோனிமா ஆகியவையும் ஆந்தூரியத்தின் குடும்பத்துச் செடிகள். அவை பக்கத்தில் இருந்திருந்தால், கொஞ்ச காலத்துக்கு அவற்றிலிருந்து பதியன் எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.