மங்கிய முன்விளக்கைத் தெளியவைத்தல்

காலபோக அறுவடைக் காலத்தில் இரணைமடுப் பக்கமிருந்து நெல் ஏற்றிக்கொண்டு இருட்டில் வீடு திரும்பும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளையும், காயவிட்ட நெல்லைச் சுற்றி வைத்த கற்களையும் பற்றித்தான் முதலில் சொல்வார். பிரேக் நல்லது, ரயரும் புதிது. ஆனால் மாடு கண்ணில் பட்டபோது பிந்திவிட்டது என்பார். அவருடைய வாகனத்தின் முன்விளக்கைப் பாருங்கள். கிழவரின் கண்ணில் வெண்படலம் படர்ந்ததுபோல மஞ்சள் பூத்திருக்கும். நாமோ மின்குமிழைக் குறை சொல்லி, வலுக்கூடிய குமிழைப் போட்டு, கடைசியில் வயரையும் உருக்கிவிடுகிறோம்.

முன்பு வன்னியில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் கார்களுக்கு இந்த நோய் இல்லை. அவற்றின் விளக்குமூடி கண்ணாடி. இன்றைய கார், ஓட்டோ, பல மோட்டார் சைக்கிள்கள் ஆகியவற்றின் மூடி பொலிகாபனேற் என்னும் பிளாஸ்ரிக். அமெரிக்காவில் இதற்கு 1983இல் அனுமதி கிடைத்தது. பாரம் குறைவு, இலகுவில் உடையாது. ஆனால் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால் தொழிற்சாலையில் மெல்லிய காப்புப் பூச்சுப் பூசுகிறார்கள். அது தேய்ந்துபோக, பிளாஸ்ரிக் மஞ்சளாகி நுண்ணிய வெடிப்புகள் விடுகின்றது. மீளக்குடியேறிய காணிகள் பலவற்றில் நிழல்தர வளர்ந்த மரமில்லை. வாகனம் நாள் முழுவதும் வெயிலில் நிற்கின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் ரூபாவும் வீழ்ந்ததனால் பழைய வாகனத்தையே வைத்து ஓடவேண்டியும் வந்தது.

இழப்பு சிறிதன்று. ஏ.ஏ.ஏ. என்னும் அமெரிக்க வாகனச் சங்கம் 2018இல் வெளியிட்ட சோதனையில், பழுதுபட்ட மூடிகள் புதியதன் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே வெளியே விட்டன. தேய்த்துத் திருத்தியபின் 70 வீதமளவுக்கு ஏறியது.

முதலில் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி கணீரென்னும், பிளாஸ்ரிக் மந்தமாக ஒலிக்கும். பின்பு மூடியில் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளிப்புறத்தில்தான், வீட்டிலேயே திருத்தலாம். தெளியாவிட்டால் உள்ளே நீராவியோ, வெள்ளத்தில் புகுந்த சேறோ இருக்கலாம். அதற்கு விளக்கைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவி, சுற்றியுள்ள பெயின்றை ரேப் ஒட்டி மறையுங்கள். வன்பொருட் கடையில் ‘வோட்டர் பேப்பர்’ என்று கேட்டால் நீரில் தேய்க்கும் மண்கடதாசி தருவார்கள். 800, 1000, 2000 இலக்கங்களில் ஒவ்வொன்று போதும். கரடான 800இல் தொடங்கி, தாளும் மூடியும் எப்போதும் ஈரமாக இருக்கத்தக்கதாகத் தேய்க்க வேண்டும். முதல் தாளைக் கிடையாகத் தேய்த்தால் அடுத்ததை நெடுக்காகத் தேயுங்கள். பழைய கீறல் போய்விட்டதா என்பது அப்போது தெரியும். மஞ்சள் நீர் வடியும். பின்பு மூடி முழுவதும் பால்போல வெளுத்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து கைவிடுகிறார்கள். விடாதீர்கள். 2000 முடிந்து, றபிங் கொம்பவுண்டைப் பருத்தித் துணியில் எடுத்து அழுத்தித் தேய்க்கத் தெளிவு திரும்பும்.

பற்பசை போதாதா என்று கேட்பீர்கள். மெல்லிய மங்கலுக்கு உதவும். சில கிழமைகளில் மங்கல் திரும்பிவிடும். பெற்றோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்ரிக்கை அவை வெடிக்கச் செய்யும். நானே ஒருமுறை தின்னர் பூசி நல்ல மூடியொன்றைக் கெடுத்தவன்.

பழைய காப்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்டோம் என்பதை மறக்கக்கூடாது. அன்றைக்கே, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ‘கிளியர் கோட்’ இரண்டு மெல்லிய படையாக, தூசியில்லாத நிழலில் விசிறவேண்டும். அதற்கு வசதியில்லாதவர் கார் மெழுகை இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பூசட்டும். வாகனம் நிற்கும்போது விளக்கின்மேல் பழைய உரப்பையொன்றைப் போட்டுவைத்தாலே பாதி வேலை மிச்சம்.

வேலை முடிந்த அன்று மாலை சுவரொன்றின் முன் நிறுத்தி வெளிச்சம் விழும் உயரத்தைப் பாருங்கள். பின்னால் நெல்மூட்டையை ஏற்றியபின் பாருங்கள். பின்பாரம் முன்பக்கத்தை உயர்த்த, தெளிந்த விளக்கு எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணில் நேரே குத்தும். சுமையோடும் டிம் வெளிச்சம் விளக்கின் உயரத்திற்குச் சற்றுக் கீழே விழும்படி திருகாணியைச் சரிசெய்யுங்கள்.