‘ஷாக்’ என்றால் கரண்ட் இல்லை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. குறைமாதத்தில் பிறந்தவன், பெருமூளை வாதம் என்றார்கள். நுனிக்காலில்தான் நடக்கிறான், கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருக்கிறது. பிசியோதெரபி இடத்தில் ‘ஷாக் வேவ்’ பத்து முறை வைத்தால் குதிகால் தரையில் படும் என்று சொல்லி, மொத்தப் பணத்தையும் முன்பே கட்டச் சொல்கிறார்கள். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் பார்த்த ஒரு அம்மாவும் நல்லது என்கிறார். சின்னப் பிள்ளைக்கு ஷாக் கொடுக்கலாமா டாக்டர்?
– ஒரு தாய், விவேக் நகர், பெங்களூரு

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, இது கரண்ட் இல்லை, ஒலி அலை. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-ல் மியூனிக்கில் முதன்முதலாகப் பயன்படுத்திய அதே அலைதான், வலு மட்டும் மிகக் குறைவு. ஸ்கேனுக்குத் தடவும் ஜெல்லைத் தடவி, கைக்கருவியைக் கெண்டைக்காலில் வைத்து அழுத்துவார்கள். தையல் மிஷின் ஓடுவதுபோல டக்டக்கென்று சில நிமிஷம், அவ்வளவுதான். மயக்க மருந்து வேண்டாம். தோல் கொஞ்சம் சிவக்கலாம். ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பலன் உண்டா? உண்டு, ஆனால் நிற்காது. 2010-ல் இத்தாலியில் அமேலியோ, மங்கனோட்டி என்ற இரு மருத்துவர்கள் உங்கள் மகனைப்போன்ற 12 பிள்ளைகளுக்கு ஒரு முறை வைத்துப் பார்த்தார்கள். இறுக்கம் தளர்ந்தது, குதிகாலில் பாரம் இறங்கியது. நான்காவது வாரம்வரை அந்தத் தளர்வு இருந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. மூளையில் பட்ட காயம் அப்படியேதானே இருக்கிறது!

பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். டாக்டரிடம், முட்டியை நீட்டிவைத்துப் பாதத்தை மேலே தள்ளிக் காட்டச் சொல்லுங்கள்: முதலில் மெதுவாக, பிறகு சட்டென்று. மெதுவாகத் தள்ளும்போது வளைந்துகொடுத்து, வேகமாகத் தள்ளும்போது நடுவில் ‘வெடுக்’கென்று பிடித்தால், அது நரம்பு தரும் இறுக்கம். இந்த அலையோ, சுமார் மூன்று மாதம் தாங்கும் போட்டாக்ஸ் ஊசியோ அதற்கு உதவலாம். மெதுவாகத் தள்ளியும் வளையாவிட்டால் தசையே குட்டையாகிவிட்டது என்று பொருள். அங்கே எத்தனை முறை அலை வைத்தாலும் வீண். படிப்படியாக மாவுக்கட்டு, அதற்கும் மசியாவிட்டால் ஆபரேஷன்.

தளர்ந்திருக்கும் அந்த நான்கு வாரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. தினமும் தசையை நீட்டிவிட வேண்டும், நிற்கவும் நடக்கவும் பழக்க வேண்டும், பாதத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் போட வேண்டும். அது பீரோ மேல் கிடந்தால், அல்லது பிள்ளை வளர்ந்து அளவு சிறுத்துப்போயிருந்தால், முதல் செலவு புது ஸ்பிளின்டுக்குத்தான். இடுப்பு எக்ஸ்ரே எடுத்து ஒரு வருஷமாகியிருந்தால் அதையும் கேளுங்கள். கால் இறுக்கத்தோடு இடுப்பு மூட்டும் சத்தமில்லாமல் விலகலாம்.

ஆகவே பத்து முறைக்கு முன்பணம் வேண்டாம். ஒரு முறை வைத்து, முன்னும் பின்னும் பாதம் எத்தனை டிகிரி வளைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொரு கருத்துக்குப் பக்கத்திலேயே கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியும், இந்திராநகரில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியும் இருக்கின்றன. பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசின் ‘நிராமயா’ காப்பீட்டில் மகனைச் சேர்த்துவிட்டீர்களா?