வைகறைக் கடலும் நோயுற்ற உடலும்

தை மாதமும் ஆடி மாதமும் நெருங்கும்போது ஆலங்குளம், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர், மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே ஒரு கேள்வியைக் கேட்கின்றனர்: “திருச்செந்தூர் போகிறோம். அப்பாவைக் கடலில் இறக்கலாமா, சார்?” உடன் அமர்ந்திருக்கும் அப்பா பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்னும் கலக்கம் மட்டும் அவர் முகத்தில் தெரியும். இக்கட்டுரை அவருக்காகவே எழுதப்படுகிறது. பெரும்பாலோர்க்கு விடை, ‘இறங்கலாம்’ என்பதே. எவ்வளவு ஆழம், எந்த நேரம், யார் துணை என்பவற்றில்தான் கவனம் தேவை.

மேற்கே மலையும், சுற்றிலும் கரிசலும், கண்மாயும் கிணறும் கண்டு வளர்ந்த நமக்குக் கடல் எப்போதோ கிட்டும் காட்சி. திருச்செந்தூர்க் கோயில் மன்னார் வளைகுடாவின் கரையிலேயே அமைந்துள்ளது. கிழக்குக் கரையாதலால் கதிரவன் நீரிலிருந்தே எழுவதைக் காணலாம். விடியுமுன் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்; மணல் குளிர்ந்திருக்கும்; ஆனால் அலை தொட்டவுடன் கால் வெதுவெதுப்பை உணரும். நிலம் இரவில் விரைந்து குளிர்கிறது, கடல் அவ்வாறு குளிர்வதில்லை. அந்த முதல் வெதுவெதுப்பை நோயாளி ஒருவர்க்கு மறுப்பதற்கு மருத்துவரிடம் வலுவான காரணம் இருக்க வேண்டும்.

இவ்வின்பத்திற்கு உடலியல் அடிப்படையும் உண்டு. இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் தாங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகிறது. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகிறது. முழங்கால் தேய்மானத்தால் தடியின்றி எழ இயலாத மூதாட்டி நீரில் மட்டும் நிமிர்ந்து நிற்பது இதனாலேயே. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால், அது கிணற்று நீரைவிடச் சற்று மிகுதியாக உடலைத் தாங்கும். இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரசல் என்னும் மருத்துவர் 1750-இல் கடல்நீர் மருத்துவம் பற்றி நூல் எழுதினார்; கடலில் குளிக்கச் சொன்னதோடு, அந்நீரைக் குடிக்கவும் சொன்னார். முன்னதை ஏற்கலாம். பின்னதைச் சிறுநீரக நோயுள்ளவர்களும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஒரு மிடறும் செய்யலாகாது.

நடையைப் பற்றி ஒரு சொல். காய்ந்த மணலில் நடக்க, சாலையில் நடப்பதைவிட இரண்டு மடங்கிற்கும் மேற்பட்ட ஆற்றல் செலவாகிறது என அளந்து கண்டுள்ளனர். ஊரில் அரை மணி நேரம் இயல்பாக நடப்பவர் மணலில் பத்து நிமிடத்தில் களைத்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. உட்கார்ந்து இளைப்பாறினால் போதும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் அது வேறு. நடை அங்கேயே முடிந்தது, மருத்துவ உதவியை நாட வேண்டும். அலை நனைத்து இறுகிய ஈரமணல் விளிம்பே நடைக்கு ஏற்றது.

கழுத்தளவு நீரில் நிற்கும்போது, நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் தங்கிய குருதியை மேலே தள்ளுகிறது. ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் குருதி மார்பினுள் கூடுதலாகச் சேர்கிறது. நலமான இதயம் இதனை எளிதில் ஏற்கும். ‘பம்பிங்’ குறைந்த இதயத்திற்கோ அது பெருஞ்சுமை. ஆதலின் கால் வீக்கமும், படுத்தால் மூச்சுத்திணறலும் உள்ளோர் முழங்காலளவோடு நின்று, குவளையால் மேனியில் ஊற்றிக்கொள்ளலாம். ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, இப்போது இரண்டு மாடிப் படிகளைத் தொல்லையின்றி ஏறக்கூடியவர், தம் மருத்துவரின் ஒப்புதலோடு இடுப்பளவு வரை செல்லலாம். பைபாஸ் செய்துகொண்டவர்க்கு நெஞ்செலும்பு சேர ஏறத்தாழ 3 மாதங்கள் வேண்டும். அதுவரை அலையின் மோதல் ஆகாது. வலிப்பு நோயுள்ளோர் கடலில் நீந்தவே கூடாது.

மாரடைப்பு காலை 6 மணி முதல் நண்பகல் வரையிலான பொழுதில் மிகுதியாக நிகழ்கிறது. எனவே இதய மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் ‘தரிசனம் முடியட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். நீரிழிவு மருந்தில் நிலை வேறு. இன்சுலினைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நீரில் இறங்குவது பேரிடர். சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள் வியர்வையும் நடுக்கமும். நனைந்த உடலில் வியர்வை தெரியாது, நடுக்கமோ குளிரால் வந்தது போலத் தோன்றும். விரதம் இருப்பதானால் புறப்படுமுன்பே வந்து மருந்தளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடன் வருபவரிடம் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

நீச்சல் தெரிந்த அப்பாக்களிடம் நான் கூடுதல் கண்டிப்பாக இருக்கிறேன். அவர்கள் நீந்தப் பழகியது வயற்கிணற்றில். கிணற்று நீர் எவரையும் இழுப்பதில்லை. கடலிலோ, அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த நீர் ஏதேனும் ஓர் இடைவெளி வழியே விரைந்து திரும்பும். அவ்விடத்தில் அலை உடையாததால் பார்வைக்கு அமைதியாக இருக்கும். அமைதியென்று நம்பி அங்கு இறங்குபவரை அந்நீரோட்டம் உள்ளே இழுத்துவிடும். அப்போது கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தியே விடுபட வேண்டும். தளர்ந்த இதயத்திற்கு அது இயலாத செயல். துணைக்கு நிற்பவர் கடற்பக்கம் நின்று, முதியவரின் முழங்கைக்கு மேலே பற்றிக்கொள்ள வேண்டும். இருவரும் அலைக்கு முதுகு காட்டலாகாது.

நீரைவிட்டு ஏறியதும் குருதி மீண்டும் கால்களுக்கு இறங்குவதால் தலை சுற்றக்கூடும். கடலில் குளித்தோர் அடுத்து நாழிக்கிணற்றுக்குச் செல்வது மரபு. அங்கே ஈரப் படிகள் காத்திருக்கின்றன. கால் மணி நேரம் கரையில் அமர்ந்து, நல்ல தண்ணீர் அருந்திய பின் செல்லுங்கள்.

பாதத்தில் உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளிக்குச் சிப்பி கீறியதும் தெரியாது, வெயில் ஏறிய மணல் சுட்டதும் தெரியாது. பாதத்தில் புண் இருப்பவர் கடலில் கால் நனைக்க வேண்டாம். மற்றவர்கள் பின்புறப் பட்டையுள்ள ரப்பர் செருப்புடன் நீரில் இறங்கலாம். குளித்த பின் நன்னீரில் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்து, உள்ளங்காலை உடன் வந்தவர் பார்த்துச் சொல்லட்டும். மறுநாள் அங்கே சிவப்போ கொப்புளமோ தென்பட்டால், அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் அன்றே வந்துவிடுங்கள்.