கந்தகமும் கழனியும்

தேனி மாவட்டத்தில் நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே வாய்ந்தது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரை, 1895ஆம் ஆண்டு முதல், மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கே திருப்பினர். அந்நீரால் இங்கு இருபோகம் நெல் விளைகிறது, திராட்சையும் செழிக்கிறது. இவ்வளத்திற்கு நீரேயன்றி மஞ்சள் நிறப் பொருள் ஒன்றும் துணை நிற்கிறது. அதுவே கந்தகம்.

திராட்சைக் கொடியைச் சாம்பல் நோய் பற்றின், உழவர் நனையும் கந்தகத் தூளை நீரிற் கலந்து தெளிப்பர். நெல்லுக்கோ கந்தகம் வேறு வழியில் உதவுகிறது. பாஸ்பேட்டுப் பாறை நீரில் எளிதிற் கரையாது. ஆதலின் பயிர் அதனை எளிதில் உண்ண இயலாது. அப்பாறைப் பொடியுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட் என்னும் உரம் உண்டாகிறது. 1906ஆம் ஆண்டிலேயே இராணிப்பேட்டையில் இவ்வுரத் தொழில் தொடங்கிற்று. ஒரு டன் கந்தகத்திலிருந்து ஏறத்தாழ 3 டன் அமிலம் கிடைக்கும்.

இக்கந்தகம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலியத்தைத் தூய்மை செய்யுங்கால் பிரிவது ஒரு பகுதி. மேற்காசிய நாடுகள் முதலியவற்றிலிருந்து கப்பலில் வருவது மற்றொரு பகுதி. மூன்றாவது வழி உலோக உருக்காலை. தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றின் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகத்தோடு கலந்தே கிடைக்கின்றன. அவற்றை உருக்கும்போது கந்தக வாயு எழும். காற்றில் விட்டால் அது நுரையீரலையும் பயிரையும் கெடுக்கும் நஞ்சு. பிடித்து அமிலமாக்கினால் உரத்திற்கு மூலப்பொருள். வேறு சில தாதுக்களிலிருந்து தாமிரத்தையும் நிக்கலையும் கரைத்தெடுக்கவோ அமிலமே வேண்டப்படுகிறது. ஆகவே உலோகத் தொழில் ஓரிடத்தில் கந்தகத்தைக் கொடுக்கிறது. மற்றோரிடத்தில் உரத்தொழிலோடு அதற்குப் போட்டியிடுகிறது.

தூத்துக்குடியில் ஆண்டுக்கு 4 இலட்சம் டன் தாமிரம் ஆக்கவல்ல ஆலையொன்று இயங்கியது. நிலமும் நீரும் காற்றும் மாசுபடுகின்றன என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 2018ஆம் ஆண்டு மே 22, 23 ஆகிய நாள்களில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் உயிர் நீத்தனர். அம்மாதம் 28ஆம் நாள் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. அதன்பின் நாடு தாமிரத்தை மிகுதியாக இறக்குமதி செய்யலாயிற்று. அவ்வாலையின் அமிலத்தை நம்பியிருந்த தென்னாட்டுத் தொழில்களுக்கும் முட்டுப்பாடு நேர்ந்தது. அமிலத்தின் விலையும் ஏறிற்று.

மாணவர்களே! தாமிரக் கம்பியும் நெற்கதிரும் ஒன்றற்கொன்று தொடர்பற்றன போலத் தோன்றும். எனினும் இரண்டையும் பிணைக்கும் சரடு கந்தகம். அச்சரடு அறுந்தால் தொழிலும் உழவும் ஒருங்கே தளரும். அதனைக் காக்கும் பொருட்டு மக்கள் உயிரையும் மண்ணையும் விலையாகக் கொடுத்தலும் தகாது. நஞ்சாகிச் செல்வதைத் தடுத்து உரமாக்குவதே அறிவியலின் பயன். அதனை நெறி பிறழாது செய்விப்பதே நல்லாட்சியின் கடன்.