வாயோலை கட்டிய வெளிச்சம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலைத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்பவை. முப்பது குடும்புகளிலிருந்தும், அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்தும், வந்த பெயர் ஓலைகளை ஊரார் அப்படியே குடத்தில் கொட்டவில்லை. குடும்பு வாரியாகக் கட்டி, இது இன்ன குடும்பு என்று சொல்லும் வாயோலை ஒன்றை ஒவ்வொரு கட்டிலும் சேர்த்த பிறகே உள்ளே இட்டார்கள். வாயோலை நழுவினால் கட்டுக்குள் இருக்கும் பெயர் எந்தக் குடும்புக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது.

நம் ஊர்ப் பக்கம் வந்திருக்கும் ஃபைபரும் இதே ஒழுங்கில்தான் ஓடுகிறது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பு. உத்திரமேரூர் ஒன்றியத்தில் மட்டும் 73 ஊராட்சிகள். தனியார் இணைப்பும் கேபிள்காரர் தரும் இணைப்பும் வேறு. யார் கொடுத்தாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அது புரிந்தால் எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பது தானே விளங்கும்.

ஃபைபரில் தகவல் சட்டகம் சட்டகமாகப் போகிறது. தொழில் தெரிந்தவர்கள் ஃபிரேம் என்பார்கள். வீட்டுக்கு வரும் ஜிபான் இணைப்பில் நொடிக்கு 8,000 சட்டகம்; ஒன்றுக்கு 125 மைக்ரோ நொடி. இந்த 8,000 பழைய தொலைபேசியிலிருந்து வந்த கணக்கு. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்ணாக்கினால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்பதால் அன்று வைத்த தாளத்தை எஸ்டிஎச் என்ற நெடுந்தூர வலையமைப்பும் வைத்துக்கொண்டது, ஜிபானும் வைத்துக்கொண்டது. எஸ்டிஎச்சின் அடிப்படைச் சட்டகத்தில் 9 வரிசை, 270 நிரல், மொத்தம் 2,430 பைட். முதல் 9 நிரல்கள் வாயோலை, மற்றவை சரக்கு. சட்டகத்தின் தொடக்கத்தில் மாறாத ஓர் அடையாளம் வரும். எதிர்முனைப் பெட்டி முதலில் தேடுவது அதைத்தான். அது கிடைக்காதவரை மற்றதெல்லாம் பொருளற்ற மினுமினுப்பு.

கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 125 மைக்ரோ நொடிக்கு 25 கிலோமீட்டர். இங்கிருந்து காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு சட்டகத்தின் தலை காஞ்சிபுரத்தை நெருங்கும்போதுதான் அதன் வால் உத்திரமேரூரை விட்டுக் கிளம்புகிறது. நான் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த அன்று, ரோட்டோரம் தொங்கும் அந்தக் கறுப்பு ஒயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செய்ய வேண்டியவை

• இணைப்பு கொடுக்க வரும் லைன்மேனிடம் பவர் மீட்டர் காட்டும் எண்ணைக் கேட்டு, பெட்டியின் பக்கத்துச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். மைனஸ் 20, மைனஸ் 22 என்று சொல்வார். சாதாரண ஜிபான் பெட்டி மைனஸ் 27 வரை தாங்கும். எண் 3 இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். ஒரு வெளிச்சத்தை 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலேயே சுமார் 17 போய்விடும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தைத்தான் தூரமும் ஜாயின்ட்டும் சேர்ந்து தின்கின்றன. ஆறு மாதம் கழித்து மைனஸ் 26 என்று வந்தால், “போன சித்திரையில் 20 இருந்ததே” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை லைன்மேனுக்கு அரை நாள் அலைச்சலை மிச்சமாக்கும்.

• விளக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். சிவப்பு எரிந்தால் வெளிச்சமே வரவில்லை. ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, இல்லை கழன்றிருக்கிறது. சிவப்பு இல்லாமல் பான் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் பெட்டி இன்னும் வரிசையில் சேரவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. “நெட் வரல” என்று மட்டும் சொன்னால் வருகிறவர் எந்தக் கருவியை எடுத்து வருவார்?

• ஏரிக் கால்வாய் தூர் வார, போர் போட, குழாய் பதிக்க ஜேசிபி வரும் முன் ஊராட்சியிலும் கேபிள்காரரிடமும் கேட்டுவிடுங்கள். இதற்கென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. தோண்டுகிறவர் அதில் பதிந்தால் அந்த இடத்தில் ஒயர் புதைத்தவர்களுக்குத் தகவல் போகும்.

• கழற்றிய கனெக்டர் முனைக்கு உடனே மூடி போடுங்கள். வெளிச்சம் போகும் பாதையின் அகலம் சுமார் 9 மைக்ரான்; தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். நெல் தூற்றும் தூசியில் ஒரு துகள் போதும்.

செய்யக்கூடாதவை

• வேறு வீட்டிலிருந்தோ பழைய கடையிலிருந்தோ கிடைத்த பெட்டியை நீங்களாக ஃபைபரில் செருகாதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் வற்புறுத்துவேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும்போது ஒரே வெளிச்சம் 32 வீட்டுக்கும் போகிறது. அவரவர் பெட்டி தன் எண் கொண்ட கட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். திரும்பிப் போகும்போது நிலைமை வேறு. 32 பெட்டியும் ஒரே இழையில் பேச வேண்டும். ஆகவே யார் எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும் என்ற முறை, இறங்கி வரும் ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பிலும் எழுதி வருகிறது. 2 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டையும் 15 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டையும் எக்ஸ்சேஞ்ச் அளந்து, கிட்டத்தில் இருக்கும் வீட்டுப் பெட்டியைக் கொஞ்சம் பொறுத்துப் பேசச் சொல்லும். ஏரித் தண்ணீரை முறை வைத்து மடை திறப்பது போலத்தான். கெட்டுப்போன ஒரு பெட்டி முறை பார்க்காமல் வெளிச்சத்தை விட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கிளையில் யாருக்கும் நெட் இருக்காது. எங்கள் பக்கத்துத் தெருவில் அப்படி ஆனபோது, லைன்மேன் வெயிலில் கம்பம் கம்பமாக ஏறி, ஒவ்வொரு வீட்டு ஒயராகக் கழற்றித்தான் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தார். அன்று ஒரு பிள்ளைக்கு ஆன்லைன் தேர்வு இருந்தது.

• பச்சை முனையை நீல முனையோடு சேர்க்காதீர்கள். பச்சை 8 பாகை சாய்த்துத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. செருகினால் உட்காரும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும், முனையின் முகமும் கெடும்.

• ஒயரை ஆணியில் சுற்றி மடக்காதீர்கள், கதவிடுக்கில் நசுக்காதீர்கள். வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும்.

• கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இருட்டாக இருக்கிறது என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. குழந்தைகளிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

• கம்பத்து ஒயருக்குக் கீழே வைக்கோலோ சருகோ கொளுத்தாதீர்கள். செம்பு இருக்கும் என்று நம்பி இரவில் வெட்டுகிறவர்களுக்கும் சொல்லுங்கள்: உள்ளே இருப்பது கண்ணாடி, காயலான் கடையில் ஒரு ரூபாய் தேறாது.

• ஐடிஐ, டிப்ளமோ முடித்து நெடுந்தூர லைன் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு: “பிழை பூஜ்யம்” என்று திரை காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நெடுந்தூர லைனில் ஓடும் ஓடிஎன் சட்டகத்தில் 4 வரிசை, 4,080 நிரல். அதில் 16 நிரல் வாயோலை, 3,808 சரக்கு, கடைசி 256 நிரலும் திருத்தத்துக்கு ஒதுக்கியவை. 239 பைட் தகவலுக்கு 16 பைட் துணை அனுப்பி, அந்த 255-க்குள் 8 பைட் வரை கெட்டுப்போனாலும் எதிர்முனையே சரிசெய்துகொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் அது நோயை மறைக்கவும் செய்யும். ஜாயின்ட்டில் ஈரம் ஏறி வெளிச்சம் நாளுக்கு நாள் குறையும்போதும் பயனாளருக்கு ஒன்றும் தெரியாது; எட்டு தாண்டிய கணத்தில் மொத்தமாக விழும். திருத்தத்துக்கு முந்தைய பிழைக் கணக்கு தனியாக இருக்கும். அதைப் பாருங்கள், வாரா வாரம் குறித்து வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே எந்த ஜாயின்ட்டைத் திறக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

• பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் உங்கள் வீட்டை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான். அதுதான் உங்கள் வீட்டு வாயோலை.