வேதத்தைத் திறக்கும் பிள்ளைக்கு

தம்பி, திடப்படுத்தல் முடிந்து முதல் திருவிருந்தும் எடுத்துவிட்டாய். கையில் புது வேதாகமம். வாசிக்கத் தொடங்குமுன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்.

1. மாற்கில் தொடங்கு. ஆதியாகமத்தில் உற்சாகமாய்ப் புறப்பட்டு லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் நம் சபையில் எத்தனையோ பேர். மாற்கு 16 அதிகாரந்தான். இயேசு யாரைத் தொட்டார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று பார். அவரை அறிந்துகொண்டு மோசேயிடம் போ.

2. கொஞ்சமானாலும் தினமும் வாசி. நீதிமொழிகளில் 31 அதிகாரம். தேதிக்கு ஒன்றாக என் அம்மா வாசிப்பார்கள். அடுப்பு மூட்டுமுன், கண்ணாடியின் ஒடிந்த காதுக்கு நூல் கட்டி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாய் விரல் வைத்து வாசிப்பார்கள். மாதத்தில் 15ஆம் தேதி வரும் அதிகாரம் சாந்தமான பதிலைப் பற்றிப் பேசும். அப்படியொரு நாளில் பக்கத்து வீட்டம்மா வேலிச் சண்டைக்கு வந்தபோது, அம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டார்கள். அந்த அதிகாரத்துக்கு நான் கேட்ட முதல் பிரசங்கம் அதுதான்.

3. வாக்குத்தத்த அட்டையோடு நின்றுவிடாதே. எரேமியா 29:11 பல வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. அது அங்கே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதைக் கேட்ட முதியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். முன்னும் பின்னும் சேர்த்து வாசி. காத்திருக்கப் பலம் வரும்.

4. புரியாததைக் கேள். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்தபடி பிலிப்பிடம் கேட்டான். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரசங்கியார் எவ்வளவு பெரியவரானாலும் நீயும் அப்படியே செய்.

5. வாசித்ததைச் செய். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கூலியாளின் கூலியை விடியுமட்டும் வைத்திருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. யாக்கோபின் நிருபமும் அதே குரலில் பேசுகிறது. குடும்ப ஜெபம் ஒருநாளும் தவறாத ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். களையெடுத்த பெண்கள் இருட்டிய பிறகும் கூலிக்காக வாசலில் நின்றார்கள். உள்ளே சங்கீதம் வாசிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண் இடுப்புப் பிள்ளையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்கள் அந்த வீட்டாரைப் பார்த்து வேதத்தைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக இயேசுவின் முன்னே எழுந்து நின்று சொன்னான். நீ கடை வைத்திருக்கிறாய். உன் பக்தி முதலில் கணக்கு நோட்டில் தெரியட்டும், தராசில் தெரியட்டும், உன் கடைப் பையனின் சம்பளத் தேதியில் தெரியட்டும்.

6. கையில் இருப்பதை லேசாய் எண்ணாதே. தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்க் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தவர், 1719இல் காலமானார். முழு வேதாகமத்தை அவர் தமிழில் பார்க்கவில்லை. உனக்கோ 66 புத்தகமும் இருக்கிறது.

7. காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5ஆம் அதிகாரம். உனக்கும் உன் அண்ணனுக்கும் பாகப்பிரிவினைக்குப் பிறகு பேச்சில்லை என்பது எனக்குத் தெரியும். யார் மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை. அடுத்த திருவிருந்துக்கு முன் அவன் வீட்டுக்கு ஒரு தடவை போய்வா, தம்பி.