யார் வீட்டுப் பெண்?

அன்புள்ள குழந்தாய்,

பெயர்ப்பலகையில் தலைவியின் பெயர் இருக்க, நாற்காலியில் அவள் புருஷன் அமர்ந்திருப்பதை ஊராட்சி அலுவலகம் ஒன்றில் கண்டுவிட்டு, இதற்குத்தானா பெண்களுக்குப் பாதி இடம் என்று கேட்டு எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயமே. ஆயினும் அவனை அங்கே அமர்த்தியது சட்டமன்று. சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிவிட்ட ஊர்ப் பஞ்சாயத்து. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் நம் எல்லைப்புறக் கிராமங்களில், சாதிக்கொரு பெரியவராகக் கூடி வழக்குத் தீர்க்கும் அந்தச் சபையில், பெண் முறையிட வரலாம். பல சமயம் அதையும் அவளுக்காக அண்ணனோ புருஷனோ செய்துவிடுவான். தீர்ப்புச் சொல்வோர் வரிசையிலோ அவளுக்கு ஸ்தானமே கிடையாது. ஏனெனில் பிறந்த வீட்டார் அவளைப் போகப்போகிறவள் என்றும், புகுந்த வீட்டார் வந்தவள் என்றுமே எண்ணுகிறார்கள்.

சோமாலியப் பெண்களின் நிலையும் இதுவாகவே இருந்தது. தந்தையின் குலத்துக்கும் கணவனின் குலத்துக்கும் நடுவே நின்ற அவர்களை எந்தக் குலமும் தன் பிரதிநிதியாக ஏற்கத் தயங்க, 2000ஆம் ஆண்டில் ஜிபூட்டி நாட்டின் ஆர்தாவில் கூடிய சமாதான மகாநாட்டில், ஆஷா ஹாஜி எல்மி முதலான சோமாலியப் பெண்கள், ஐந்து குலங்களுக்கு அப்பால் நாங்கள் ஆறாவது குலம் என்று அறிவித்து உள்ளே நுழைந்தனர். அந்தச் சாதுர்யத்தை எண்ணி எண்ணி ரசிக்கிறேன்.

நமக்கு அத்தகைய யுக்தி தேவைப்படவில்லை; உள்ளாட்சியில் சட்டமே பெண்களுக்கு இடம் ஒதுக்கியது. ஓசூருக்கு அப்பால் கர்நாடகத்தில் 1987 தேர்தலிலேயே நான்கில் ஒரு பங்கு, 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பயனாக 1996இல் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு, 2016இல் பாதி. 2019 டிசம்பர் தேர்தலில் நம் மாவட்டத்துக் காட்டிநாயக்கன்தொட்டியில் சந்தியா ராணி என்னும் கல்லூரி மாணவி, போட்டியிடுவதற்குரிய குறைந்தபட்ச வயதாகிய 21இலேயே தலைவியானார்.

புருஷன் நாற்காலியில் அமரலாம். அவன் கையெழுத்து வங்கியில் செல்லாது. ஊராட்சிப் பணத்துக்குத் தலைவியின் கையெழுத்து வேண்டும். அவன் நீட்டிய தாளில் கையெழுத்திடுமுன், இது எந்த வேலைக்கான பணம் என்று அவள் ஒருமுறை கேட்டுவிட்டால், அன்றைக்கு அலுவலகத்தின் முகமே மாறிவிடும்.

நிற்க. தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் உன் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது? அந்தப் பட்டியலில் உள்ளவரே அந்த ஊராட்சியில் போட்டியிடலாம். விசாரித்து எழுது.

உன் பெரியப்பா